சாட்டனில் ஜேன் ஆஸ்டன் வீடு: போய் வந்தேன், கடலூர் நினைப்போடு திரும்பினேன்

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். வேலைக்காக இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் சாட்டன் என்ற சின்ன ஊர். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் 1809 ஜூலை முதல் 1817 மே வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகமாக. ஆறு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் போகாமல், போன சனிக்கிழமைதான் போனேன். அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

செங்கல் வீடு, தெருமுனையிலேயே நிற்கிறது. அந்தக் காலத்தில் வின்செஸ்டர், கோஸ்போர்ட், லண்டன் சாலைகள் சேரும் இடம் அது. குதிரை வண்டிகள் ஓயாமல் போகும். ஒரு காலத்தில் சாராயக்கடையாகவும் இருந்த கட்டடம். ஜேனின் அண்ணன் எட்வர்டைப் பணக்கார உறவினர்களான நைட் குடும்பம் தத்து எடுத்ததால் சாட்டன் பண்ணை முழுக்க அவருக்கு வந்தது. அப்பா 1805-இல் இறந்த பிறகு பாத், சௌத்தாம்ப்டன் என்று இடம் மாறிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் இந்த வீட்டைக் கொடுத்தார். தெருவைப் பார்த்த வரவேற்பறைச் சன்னலை அடைத்துவிட்டு, தோட்டப் பக்கம் புதிதாக ஒன்று திறந்தும் கொடுத்திருக்கிறார். வண்டியில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான்.

சாப்பாட்டு அறையில் சன்னலோரம் அந்த மேசை இருக்கிறது. மேசை என்று சொல்லவே யோசனையாக இருக்கிறது. மூன்று கால், பன்னிரண்டு பக்கம், எங்கள் ஆத்தா தண்ணீர்ச் சொம்பும் வெற்றிலைச் செல்லமும் வைத்திருந்த முக்காலி அளவுதான். ஒரு தாளும் ஒரு மைக்கூடும் வைத்தால் இடம் தீர்ந்துவிடும். ஜேன் அதில்தான் எழுதினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' இரண்டையும் இந்த வீட்டில்தான் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா', 'பெர்சுவேஷன்' மூன்றும் முழுக்க இங்கேயே எழுதியவை. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பின்னால் வந்தவர் மெதுவாக இருமியபோதுதான் நகர்ந்தேன்.

இப்போது இந்த இழையைத் தொடங்கியதற்கான காரணத்துக்கு வருகிறேன். வீட்டுக்குத் திரும்பி ஆஸ்டன் குடும்ப வரலாற்றைப் புரட்டியபோது, ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா கல்யாணம் செய்துகொண்ட ஊர் கடலூர் என்று இருந்தது. எங்கள் கடலூரேதான்! 1753 பிப்ரவரி. மாப்பிள்ளை டைசோ சால் ஹான்காக், செயின்ட் டேவிட் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர். தேவனாம்பட்டினத்தில் அந்தக் கோட்டையின் இடிபாட்டைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். பள்ளியில் ராபர்ட் கிளைவ் பெயரைச் சொன்னார்கள். இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

யாருக்காவது இதைப் பற்றி மேலும் தெரியுமா? அந்த வீட்டுக்குப் போனவர்கள் இருந்தால் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பழையபுத்தகம்

தம்பி, முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். ஆஸ்டனை நடத்தாத வருடமே இல்லை. கடலூர்ச் செய்தி எனக்கும் ஓய்வுபெற்ற பிறகுதான் கண்ணில் பட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஃபிலடெல்ஃபியா 1730-இல் பிறந்தவர். ஜேனின் அப்பா ஜார்ஜுக்கு உடன்பிறந்த அக்கா. சிறு வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. பதினைந்து வயதில் லண்டன் கோவென்ட் கார்டனில் பெண்களுக்குத் தொப்பி தைக்கும் கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். சொத்து இல்லை, வரதட்சணை கொடுக்க யாரும் இல்லை. அந்த நிலையில் இருந்த பெண்கள் சிலர் கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கே வெள்ளைக்கார ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. போனால் கல்யாணம் ஆகும் என்பதுதான் கணக்கு. 1752 ஜனவரியில் கிளம்பிய ஃபிலடெல்ஃபியா ஆகஸ்டில் சென்னையில் இறங்கினார். ஆறு மாதத்தில் கடலூரில் கல்யாணம்.

பிறகு கல்கத்தா போனார்கள். 1761-இல் அங்கே மகள் எலைசா பிறந்தாள். ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். எலைசா பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்தாள். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் அவரை கில்லட்டினில் கொன்றுவிட்டார்கள். 1797-இல் எலைசா மறுமணம் செய்துகொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? ஜேனின் அண்ணன் ஹென்றியை. பதிப்பாளர்களிடம் ஜேனுக்காகப் பேசிய ஹென்றி அவர்தான். 1811-இல் முதல் நாவலின் அச்சுப்படிகளை ஜேன் திருத்தியது லண்டனில் ஹென்றி, எலைசா வீட்டில் தங்கிக்கொண்டு.

பதினாறு வயதில் ஜேன் எழுதி முடிக்காமல் விட்ட 'கேத்தரின்' என்ற கதையில், அநாதைப் பெண் ஒருத்தியைக் கல்யாணத்துக்காக வங்காளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் விருப்பத்தோடு போகவில்லை. அந்தப் பக்கங்களை அத்தையின் கதை தெரிந்த பிறகு படித்தேன். முன்பு படித்தது போல இல்லை.

தாமரைக்குளம்

ஐயா, இது தெரியவே தெரியாது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தின் மூலம் ஆஸ்டன் நாவல் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்த் தொடர்பு. படித்ததும் சிலிர்த்துவிட்டது.

மணல்வீடு

நான் இரண்டு வருடம் முன்னால் போனேன். ஏமாற்றத்தோடுதான் திரும்பினேன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படுக்கையறையில் இருக்கும் கட்டில் பிற்காலத்தில் செய்த நகல். பியானோ அந்தக் காலத்தது, ஆனால் அவருடையது இல்லை. சுவரில் இருக்கும் காகிதம் பழைய துண்டுகளைப் பார்த்துப் புதிதாக அச்சடித்தது. அப்படியானால் நான் எதைப் பார்த்தேன்? அந்தக் கிறீச்சிடும் கதவுக் கதையும் குடும்பத்தார் சொன்னதுதான். ஆள் வரும்போது கதவு சத்தம் போடும், அதற்குள் ஜேன் எழுதிய தாள்களை மறைத்துவிடுவார், அதனால் கதவுக்கு எண்ணெய் விட வேண்டாம் என்றார் என்பார்கள். அவர் இறந்து ஐம்பது வருடம் கழித்து அண்ணன் மகன் எழுதிய நூலில் வருகிறது. அதற்குள் அத்தையை அடக்க ஒடுக்கமான பெண்ணாகக் காட்ட வேண்டிய தேவை குடும்பத்துக்கு வந்துவிட்டது.

பிடித்த எழுத்தாளர் என்பதால்தான் எனக்கு இந்தக் கோபம். நாவல்களைப் படித்தால் கிடைக்காத எதுவும் அந்த வீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை.

கெடிலக்கரை

மணல்வீடு, கதவு விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். 1813-லேயே ஹென்றி பெருமை தாங்காமல் ஊரெல்லாம் ரகசியத்தைச் சொல்லிவிட்டார், அதனால் மறைத்து மறைத்து எழுதினார் என்பதை அப்படியே நம்ப எனக்கும் முடியவில்லை. ஆனால் முதல் புத்தகம் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும்தான் வந்தது, பெயர் இல்லை. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' அச்சாகி 1813 ஜனவரியில் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், லண்டனிலிருந்து என் செல்லக் குழந்தை வந்துவிட்டது என்று அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறார். அன்று சாப்பிட வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார்கள். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அந்த மாலையை அந்த வீட்டுக்குள் நின்று நினைத்துப் பார்க்க முடிந்தது. வேறு எங்கும் அது எனக்கு அப்படித் தோன்றியிருக்காது.

எல்லாமே நகல் என்பது சரியில்லை. மேசை இருக்கிறது. ஜேனின் மோதிரம் இருக்கிறது, தங்கத்தில் நீலப் பச்சைக் கல். 2012-இல் அது ஏலத்துக்கு வந்தபோது அமெரிக்கப் பாடகி கெல்லி கிளார்க்சன் 1,52,450 பவுண்டுக்கு எடுத்தார். நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று அரசாங்கம் தடுத்து வைத்தது, அருங்காட்சியகம் வாசகர்களிடம் பணம் திரட்டி அதே மோதிரத்தை வாங்கியது. அம்மாவும் இரண்டு பெண்களும் சேர்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வையும் மாடியில் இருக்கிறது. சாய்சதுரம் சாய்சதுரமாக வெட்டிய துணிகள். 1811 மே மாதக் கடிதத்தில், ஒட்டுவதற்குத் துணித்துண்டு சேர்த்தாயா, எங்களுக்கு வேலை நின்றுவிட்டது என்று அக்காவைக் கேட்கிறார். முதல் நாவல் அச்சில் இருந்த அதே மாதங்கள். போர்வைக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது.

சாம்பல்குருவி

நான் கோயம்புத்தூர். சிறுகதைகள் எழுதுகிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், மாமியாரைப் பதினோரு வருடம் படுக்கையில் பார்த்துக்கொண்டேன். மகள் படிக்கப் போன இடத்தில் மூன்று மாதம் இருந்தபோது இந்த வீட்டுக்குப் போனேன். எல்லோரும் மேசையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அதிக நேரம் நின்றது அடுப்படியில்.

அந்த வீட்டில் நான்கு பெண்கள் இருந்தார்கள். அம்மா, அக்கா கசாண்ட்ரா, ஜேன், அப்புறம் மார்த்தா லாயிட். மார்த்தா இரத்த உறவும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. சிநேகிதி. தன் அம்மா போன பிறகு இவர்களோடு வந்து சேர்ந்துகொண்டவர். வீட்டு வேலையில் ஜேனின் பங்கு என்ன தெரியுமா? காலை உணவு. ஒன்பது மணிக்குத் தேநீரும் ரொட்டியும் தயார் செய்வது, தேயிலை, சர்க்கரை, ஒயின் இருப்பைப் பார்த்துக்கொள்வது. அதற்கு முன்னால் பியானோ வாசித்துவிடுவார். மீதி நாள் முழுக்கக் கசாண்ட்ராவும் மார்த்தாவும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினார். சமைக்கவும் துவைக்கவும் ஆள் இருந்தார்கள், அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். பாத்திலும் சௌத்தாம்ப்டனிலும் இருந்த எட்டு ஆண்டுகளில் ஜேன் புதிதாகத் தொடங்கி எழுதி முடித்த நாவல் ஒன்றுகூட இல்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஏழு வருடத்தில் அத்தனையும். கூரையை அண்ணன் கொடுத்தார். நேரத்தைக் கொடுத்தவர்கள் அக்காவும் மார்த்தாவும். மணல்வீடு, நாவல்களைப் படித்தால் போதாதா என்று கேட்டீர்கள். இது எந்த நாவலிலும் இல்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் ஒருத்தி எழுந்து சன்னலோரம் போய் உட்கார முடிந்தது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அது ஐம்பத்திரண்டு வயதில்தான் கிடைத்தது. அங்கே நின்று அழுதேன், மகள் பயந்துவிட்டாள்.

மார்த்தா எழுதி வைத்த சமையல் குறிப்புப் புத்தகமும் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அதில் இந்திய முறையில் கறி வைப்பது ஒன்று, கறித்தூள் ஒன்று. மஞ்சள், அரத்தை, மிளகாய்த்தூள்! தனித்தனியாக இடித்துக் கலந்து வைக்கச் சொல்கிறார். நம் வீட்டில் சளிக்கு இடிக்கிற அரத்தை, சாட்டன் இருக்கும் ஹாம்ப்ஷயரில் கறிக்குப் போயிருக்கிறது.

மணல்வீடு

அக்கா, நான் அடுப்படியை ஒரு நிமிடத்தில் கடந்து போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான்.

நிலாவெளி

வணக்கம். நான் திருகோணமலை, இப்ப லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். கடலூர் அண்ணா தன் ஊர்க் கதையைச் சொன்னபடியால் என்னுடைய ஊர்க் கதையையும் சொல்ல வேண்டும்.

ஜேனின் கடைசித் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டனின் கல்லறை திருகோணமலையில் இருக்கிறது. கடற்படையில் சிறுவனாகச் சேர்ந்தவர், ரியர் அட்மிரல் வரை உயர்ந்தார். 1850-இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் தளபதியாக வந்தார். இரண்டாம் பர்மா யுத்தத்தின்போது 1852 அக்டோபர் 7-ஆம் தேதி ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே இறந்தார், வயது 73. உடலைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய ஆங்கிலேயர் சேமக்காலையில். அந்த மைதானத்தில் நாங்கள் பின்னேரம் முழுக்க விளையாடியிருக்கிறோம். பந்து அந்தப் பக்கம் போனால் எடுக்கப் பயம்.

சாட்டனுக்குப் போன வருசம் பிள்ளைகளோடு போனேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியில் இரண்டு புஷ்பராகச் சிலுவைகள், தங்கச் சங்கிலிகளோடு. 1801-இல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்ததற்காகச் சார்ல்ஸுக்கு முப்பது பவுண்டு பங்குப் பணம் கிடைத்தது. இருபத்தொரு வயதுப் பெடியன், அந்தக் காசில் இரண்டு அக்காமாருக்கும் ஆளுக்கொரு சிலுவை வாங்கி அனுப்பினார். இரண்டும் ஒரே வடிவம் இல்லை, ஆளுக்கு ஏற்றபடி தெரிந்து வாங்கியிருக்கிறார். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கடற்படைத் தம்பி... மன்னிக்கவும், அதில் அண்ணன், தங்கச்சிக்குச் சிலுவை வாங்கிக் கொடுப்பது இதிலிருந்துதான்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் மகளிடம், இதை வாங்கின ஆள் அம்மம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும், அவர் ஏன் அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறார் என்று கேட்டாள். எனக்கு மறுமொழி சொல்ல வரவில்லை. என்னுடைய ஆட்களும் ஒவ்வொரு நாட்டு மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

பழையபுத்தகம்

நிலாவெளி, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை. அத்தை கடலூரில் கல்யாணம், தம்பி திருகோணமலையில் அடக்கம். ஜேன் இங்கிலாந்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததே இல்லை.

தெருவிளக்கு

எல்லாம் சரி, ஒன்றையும் சேர்த்துப் பேச வேண்டும். ஜேன் இருப்புப் பார்த்துக்கொண்ட அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? ஜேனின் அப்பா 1760-இல் ஆன்டிகுவா தீவில் இருந்த ஒரு தோட்டத்துக்குச் சொத்துப் பொறுப்பாளர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டவர். அடிமைகள் உழைத்த தோட்டம். தேயிலை, சர்க்கரை, பருத்தி, மஸ்லின் என்று அந்த வீட்டில் தொட்டதெல்லாம் யாருடைய உழைப்பு? 2021-இல் அருங்காட்சியகம் இதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதற்கு அங்கே பத்திரிகைகளில் பெரிய கூச்சல். ஃபிலடெல்ஃபியா கடலூருக்கு வந்ததை இனிமையான தொடர்பாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. கம்பெனி நம் கடற்கரையில் என்ன செய்துகொண்டிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

கெடிலக்கரை

தெருவிளக்கு, கேட்க வேண்டிய கேள்விதான். நான் வளர்ந்த இடத்தில் அதற்குச் சாட்சி பெயரிலேயே இருக்கிறது. 1690-இல் கம்பெனி கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை எல்லா ஊரும் எங்களுக்கு என்று பேசிக்கொண்டார்கள். குண்டு சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு கிராமங்கள் என்று இன்றும் சொல்கிறோம். அந்த ஊர்களில் நெய்த துணிக்காகத்தான் அவ்வளவும். ஃபிலடெல்ஃபியா வந்து இறங்கியபோது சுற்றிலும் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை. ஐந்தாறு வருடத்தில், 1758-இல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்.

அதனால் இனிமை என்று நான் சொல்லவில்லை. தொப்பிக் கடையில் ஊசி பிடித்த அநாதைப் பெண்ணும் பாவம்தான், தறியில் உட்கார்ந்த எங்கள் ஊர்க்காரரும் பாவம்தான். ஒருவரைப் பார்க்க மற்றவரை மறக்க வேண்டியதில்லை.

பழையபுத்தகம்

ஜேன் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. அடிமை வியாபாரத்தை எதிர்த்து எழுதிய தாமஸ் கிளார்க்சன் மேல் தனக்குக் காதலாகவே இருந்தது என்று 1813-இல் ஒரு கடிதத்தில் சொல்கிறார். ஹென்றி 1840-இல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனார். தெருவிளக்கு சொன்னதை இது அழித்துவிடாது. இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தன. வீட்டைக் காட்டுகிறவர்கள் இரண்டையும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

தாமரைக்குளம்

அடுத்த மாதம் லண்டன் வருகிறேன். கார் இல்லாமல் போக முடியுமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நிலாவெளி

முடியும். வாட்டர்லூவில் ஆல்டன் ரயில் ஏறுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆல்டனில் இறங்கி நடந்தால் முக்கால் மணி நேரம் போதும், வழி நல்ல வழி. வின்செஸ்டர் பேருந்தும் அந்தப் பக்கம் போகிறது. பல இணையத்தளங்களில் ஒரு மணி நேரம் போதும் என்று போட்டிருக்கும், கேட்காதீர்கள். வெளியே கொட்டகையில் நிற்கிற சின்னக் கழுதை வண்டியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நோய் முற்றி நடக்க முடியாமல் போனபோது ஜேன் அதில்தான் வெளியே போனார்.

முடிந்தால் அப்படியே வின்செஸ்டர் பேராலயத்துக்கும் போங்கள். 1817 ஜூலை 18 அவர் இறந்தது அந்த ஊரில். தரையில் பதித்த கல்லில் அவருடைய குணத்தைப் பற்றி நிறைய இருக்கிறது, நாவல் எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. அதைச் சொல்கிற பித்தளைத் தகடு 1872-இல்தான் சுவரில் வந்தது.

சாம்பல்குருவி

அந்த வீடு நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். 1845-இல் கசாண்ட்ரா போன பிறகு அதைத் தடுப்பு வைத்துப் பிரித்துப் பண்ணை ஆட்களுக்குக் குடியிருப்பாகக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடம் அப்படியே போயிற்று. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் 1944-இல் மகனைப் பறிகொடுத்த லண்டன் வழக்கறிஞர் கார்பென்டர், மகன் நினைவாக 3,000 பவுண்டு கொடுத்து வாங்கி, 1949-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். வாசல் பக்கம் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்காமல் வந்துவிட்டேன். யாராவது போனால் பாருங்கள்.

கெடிலக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கடலூரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். ஆங்கிலம் படிக்க வராது, அதனால் நீங்கள் இங்கே எழுதியதையெல்லாம் ஒவ்வொரு அறையிலும் நின்று சொல்லிக்கொண்டே போனேன். மேசையைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்றார். போர்வையைப் பார்த்து, தையலை எண்ணுவது போல குனிந்து நின்றார். சமையலறையில் அரத்தை விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மா சுக்கு சேர்த்தாளா என்று கேட்டார். படித்த குறிப்பில் இல்லை என்றேன்.

பிறகு தெருவில் கொஞ்ச தூரம் நடந்து மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜேனின் அம்மாவும் கசாண்ட்ராவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அம்மா இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு, சமைத்தவள் எங்கே என்றார்.

மார்த்தா இங்கே இல்லை, 1828-இல் ஜேனின் இன்னொரு அண்ணன் ஃபிராங்கைக் கல்யாணம் செய்துகொண்டு போர்ட்ஸ்மவுத் பக்கம் போய்விட்டார், பின்னால் அவருக்கு சர் பட்டம் கிடைத்து இவரும் லேடி ஆஸ்டன் ஆனார் என்றேன்.

"அப்போ என்ன வயசு அவளுக்கு?"

"அறுபத்திரண்டு."

அம்மா கசாண்ட்ராவின் கல்லில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டார். "நல்லா இருந்திருக்கட்டும்" என்றார்.